கேட்காத வெடி

வேட்டைக்கு விருந்தாளி வந்து இறங்கும் முதல் சாயங்காலம் நெட்சாய் சொல்லும் பேச்சு ஒன்று உண்டு. சாம்பெசி ஆற்றைப் பார்க்க இரண்டு நாற்காலிகளைப் போட்டு, தேநீரை ஊற்றிக் கொடுத்துவிட்டு, அவசரமே இல்லாமல் ஆரம்பிப்பாள்.

"தினமும் பத்து மைலு நடப்பீங்க. அதுல ஒம்பது மைலுக்கு என் முதுகைத்தான் பாப்பீங்க. செட்சி ஈ கடிக்கும், நீலச் சட்டை போட்டா ரெண்டு மடங்கு கடிக்கும். மூணு நாளைக்கு ஒண்ணுமே கண்ணுல படாம போகலாம். பட்ட அன்னைக்கு ரெண்டே நிமிஷத்துல எல்லாம் முடிஞ்சிரும். அடிபட்ட காட்டெருமைய விட்டுட்டு வரக்கூடாது, அது சட்டம். அப்ப நீங்க வண்டிகிட்ட இருப்பீங்க, நாங்க மட்டும் புதருக்குள்ள போவோம்." இவ்வளவும் சொல்லி, கடைசியாக ஒன்று சொல்வாள். "சுடற நேரத்துல உங்க வெடி உங்களுக்கே கேக்காது. தோள்ல இடிக்கறதும் தெரியாது. எல்லாருக்கும் அப்படித்தான், பயப்படாதீங்க."

அந்தக் கடைசி வாக்கியம் அவளுடையதல்ல. அவள் கணவன் டெண்டெக்காய் பதினாறு வருஷம் இதே நாற்காலியில் உட்கார்ந்து சொன்னது. அவனுடைய கனத்த துப்பாக்கியோடு சேர்ந்து அதுவும் அவளிடம் வந்துவிட்டது.

இந்த முறை கேட்டுக்கொண்டிருந்தவர் வெண்டல் ஆஸ்கே, எழுபத்துநாலு வயது. மான்டானாவில் நாற்பத்தோரு வருஷம் சரக்கு ரயில் ஓட்டியவர். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தலையை ஆட்டி, சிக்னல் பார்ப்பவரைப் போலக் கேட்டார். முடிந்ததும் கோப்பையை மணலில் வைத்தார்.

"எனக்கும் ஒண்ணு சொல்லணும்மா. என் கை லேசா நடுங்கும். பாத்திருப்பீங்க. அதுக்காக எனக்குச் சேத்து யாரும் சுட்டுக் குடுக்க வேண்டாம். நான் சுடறதுக்கு முன்னாடி நீங்க சுடக்கூடாது. எருமை ஓடிப்போச்சுன்னா ஓடட்டும்."

"நீங்க சுடாம நான் சுட மாட்டேன், மிஸ்டர் வெண்டல். அதுக்கப்புறம் அது அடிபட்டு நின்னாலோ ஓடினாலோ, அது என் வேலை."

"வாக்கா?"

"வாக்கு."

மறுநாள் காலையில் மரத்தில் ஒரு காகிதத்தைக் குத்தி வைத்து அவரைச் சுடச் சொன்னார்கள். துப்பாக்கி சரியாக இருக்கிறதா என்று பார்க்க என்பார்கள், பார்ப்பது மனுஷனைத்தான். வெண்டல் குறிபார்த்து, மூச்சை அடக்கி, விசையை இழுத்தார். ஒன்றும் நடக்கவில்லை. பாதுகாப்புப் பூட்டை விடுவிக்க மறந்திருந்தார்.

"பிரேக்கை எடுக்காமலே ரயில ஓட்டப் பாக்கறீங்களே, தாத்தா," என்றான் தடம் பார்க்கும் முச்சனேட்டா. கிழவர்தான் எல்லோரையும்விட அதிகம் சிரித்தார். அடுத்த மூன்று குண்டுகளும் உள்ளங்கை அகலத்துக்குள் விழுந்தன. நெட்சாய்க்கு நிம்மதியாயிற்று.

அதற்குப் பிறகு மூன்று நாள் நடந்தார்கள். நெட்சாய்க்கு இந்த நடை பிடிக்கும். மொபானி மரத்து இலைகள் வெயிலுக்குத் தங்கள் முகத்தை மடித்துக்கொள்ளும் நேரத்தில், நடப்பது தான்தானா, இல்லை காடு தன்னைக் கடந்து பின்னால் போகிறதா என்பது தெரியாமல் போகும். முன்னால் முச்சனேட்டா சாம்பல் முடிச்சை உதறி உதறிக் காற்றைப் பார்ப்பான். சாம்பல் புகைபோல எழுந்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து, இல்லாமல் போகும். அது போகும் திசையை அவள் கண் பின்தொடரும்போது, சில சமயம் டெண்டெக்காயின் முதுகும் அந்தப் பக்கமாகப் போவதுபோல இருக்கும். அவள் அதை விரட்டுவதில்லை. வந்தால் வரட்டும் என்று விட்டுவிடுவாள்.

முச்சனேட்டாவின் குலச்சின்னம் காட்டெருமை. அவன் குலத்தார் அதன் கறியைத் தொடமாட்டார்கள். எல்லோரும் அவனை நியாத்தி, அதாவது எருமை, என்றே கூப்பிடுவார்கள்.

"என்னய்யா நியாத்தி, உன் சொந்தக்காரங்க ஒருத்தரையும் காணோம்?" என்றாள் மூன்றாம் நாள்.

"பொண்ணு பாக்க வர்றாங்கன்னு நெனச்சு ஒளிஞ்சுகிட்டாங்க, ருவிம்போ அம்மா." ருவிம்போ அவள் மகள், தலைநகரில் நர்ஸுக்குப் படிக்கிறாள். "தாத்தா மீசைய மழிச்சா வெளிய வருவாங்க."

நாலாம் நாள் காலை ஒன்பது மணிக்கு அந்தச் சொந்தக்காரர்களில் ஒருவர் வெளியே வந்தார்.

கூடவே வரவேண்டிய வனத்துறைக் காவலர் குதிகாலில் கொப்புளம் என்று வண்டியிலேயே தங்கிவிட்டிருந்தார். மூன்று பேர் மட்டும் ஒரு வறண்ட ஓடையின் விளிம்பில் குந்தியிருந்தார்கள். நாற்பது அடி தூரத்தில், நிழலும் புதருமாக இருந்த இடத்தில், நிழலின் ஒரு பகுதி காதை ஆட்டியது. கிழட்டுக் காளை. கொம்பின் நுனிகள் தேய்ந்து மழுங்கி, முட்டிக்கு மேல் முடி உதிர்ந்து, கூட்டத்தை விட்டு வந்து தனியாகச் சாகப் போகிற வயசு. முதுகில் இரண்டு குருவிகள் உண்ணி பொறுக்கிக்கொண்டிருந்தன.

முச்சனேட்டா மூன்றுகால் கோலை ஊன்றினான். வெண்டல் அதன்மேல் துப்பாக்கியை வைத்தார். நெட்சாய் அவருக்கு இடப்பக்கம் அரை அடி பின்னால் நின்று, டெண்டெக்காயின் துப்பாக்கியைத் தோளுக்கு ஏற்றினாள்.

கிழவர் சுடவில்லை.

காளை தலையைத் திருப்பி அவர்கள் இருந்த பக்கம் பார்த்தது. அது பார்த்ததா, வெறுமே வெயிலில் முகத்தை வைத்ததா, தெரியவில்லை. குருவிகள் ஓய்ந்தன. ஒரு ஈ நெட்சாயின் கழுத்தில் உட்கார்ந்து நிதானமாகக் கடித்தது. சுடுங்கள், சுடுங்கள் என்று மனம் சொல்ல ஆரம்பித்து, எதுவரை சொன்னதோ அதுவரை காலம் நீண்டது. கிழவரின் நடுக்கம் கோலின் வழியாக நிலத்துக்கு இறங்கி, தன் காலில் ஏறுவதாக அவளுக்குத் தோன்றியது.

பிறகு வெடி கேட்டது. லேசாக, யாரோ எட்டத்தில் காய்ந்த குச்சியை ஒடித்ததுபோல.

அவள் விரல் தானாக மடங்கியது. கனத்த துப்பாக்கி அவளை ஒரு அடி பின்னுக்குத் தள்ளியது. "மறுபடி லோடு பண்ணுங்க!" என்று கத்தினாள். வெண்டல் துப்பாக்கியின் போல்ட்டை இழுத்துத் தள்ளினார். அதற்கு அவசியமில்லை. காளை முன்னங்காலை மடக்கி, யோசித்து உட்காருவதுபோல உட்கார்ந்து, பக்கவாட்டில் சாய்ந்தது. அதன் கடைசிக் குரல் நீளமாக வந்து ஓடையை நிரப்பிவிட்டு ஓய்ந்தது.

வெண்டல் தொப்பியைக் கழற்றினார். அவர் கன்னம் ஈரமாக இருந்தது. "எனக்குக் கேக்கவே இல்லம்மா," என்றார் அவள் கையைப் பிடித்துக்கொண்டு. "நீங்க சொன்ன மாதிரியே. என் வெடி எனக்குக் கேக்கவே இல்ல."

ஆட்கள் வந்தார்கள். காளையின் மூக்கைத் துடைத்து, தலையை நிமிர்த்தி வைத்து, கிழவரைப் பின்னால் உட்காரவைத்துப் படம் எடுத்தார்கள். யாரோ பாட ஆரம்பித்தார்கள். முச்சனேட்டா மட்டும் சுட்ட இடத்துக்குத் திரும்பிப் போய்ப் புல்லை விலக்கித் தேடிக்கொண்டிருந்தான். தோட்டாக் கூடுகளைக் காட்டில் விட்டு வருவது அவனுக்குப் பிடிக்காது.

திரும்பி வந்து நெட்சாயை மரத்துக்குப் பின்னால் கூப்பிட்டான். உள்ளங்கையை விரித்தான். ஒன்று அவளுடைய கூடு, காலி, வாய் கருகியது. மற்றது கிழவருடையது. முழுத் தோட்டா. தலையில் ஈயக்குண்டு அப்படியே, பளபளவென்று.

அவளுக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகு புரிந்தது.

"பூட்டு," என்றாள்.

"ம். இழுத்திருக்காரு. பூட்டு போட்டபடியே இழுத்திருக்காரு. நீங்க லோடு பண்ணச் சொன்னதும் முழுசா வெளிய விழுந்திருச்சு."

"ஆனா நான் கேட்டேன், நியாத்தி. அவர் வெடிய நான் கேட்டேன்."

முச்சனேட்டா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "ஒரு வெடிதான், ருவிம்போ அம்மா," என்றான் மெதுவாக. முழுத் தோட்டாவை அவள் கையில் வைத்து மூடி, "நான் யாருக்கும் சொல்லப் போறதில்ல. தாத்தாவப் பாருங்க, கல்யாண மாப்பிள்ள கணக்கா உக்காந்திருக்காரு. வனத்துறைக்கு அனுப்பற பாரத்துல உங்க பேர எழுதினா உரிமத்தப் புடுங்கிருவாங்க. விருந்தாளி சுடாத மிருகத்த வழிகாட்டி சுட்டாங்கன்னா சும்மா விடுவாங்களா?"

மத்தியானம் முகாமே வெயிலில் மயங்கிக் கிடந்தது. நெட்சாய் ஆற்றங்கரை நாற்காலியில் பாரத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மிருகம், இடம், நேரம் எல்லாம் எழுதியாயிற்று. "சுட்டவர்" என்ற கட்டம் காலியாக இருந்தது. சட்டைப் பையில் முழுத் தோட்டா உடம்புச் சூடேறிக் கிடந்தது.

காலையில் முதலில் கேட்ட அந்த லேசான வெடியை அவளுக்குத் தெரியும். நாலு வருஷத்துக்கு முன் அவள் வேட்டைக்காரி இல்லை. முகாமின் சமையலையும் சாமான்களையும் பார்த்துக்கொண்டவள். மதியச் சாப்பாட்டை வண்டியில் கொண்டுபோயிருந்தாள். புதருக்குள்ளிருந்து வெடி வந்தது, லேசாக, காய்ந்த குச்சி ஒடிந்ததுபோல. அன்றைய விருந்தாளியின் வெடி. அடுத்து டெண்டெக்காயின் கனத்த வெடி வரவேண்டும். அது வயிற்றில் வந்து விழுகிற சத்தம். சாப்பாட்டுத் தூக்கைக் கையில் பிடித்தபடியே அதற்காக நின்றாள். அது வரவே இல்லை. அடிபட்ட காளை அவனுக்கு அவ்வளவு நேரம் கொடுக்கவில்லை.

பிறகு பரீட்சை எழுதினாள், உரிமம் வாங்கினாள், அவன் துப்பாக்கியை எடுத்தாள். பிழைப்புக்காக என்று எல்லோரிடமும் சொன்னாள். தன்னிடமும் அதையே சொல்லிக்கொண்டாள். இப்போது ஆற்றில் நீர்யானைகள் மூச்சுவிட்டு மூழ்குவதைப் பார்த்தபடி இருந்தபோதுதான், தான் இத்தனை நாளும் காட்டுக்குள் போனது அந்த இரண்டாவது வெடியைப் போட்டு முடிப்பதற்காகத்தான் என்று தோன்றியது. இன்று போட்டுவிட்டாள். யாருக்கும் உதவாமல், யாரையும் காப்பாற்றாமல், ஒரு கிழவரின் எருமைமேல்.

பேசாமல் இருந்துவிடலாம். அவர் ஊருக்குப் போய், சுவரில் எருமைத் தலையை மாட்டி, அதன் கீழே உட்கார்ந்து சாவார். அதில் என்ன குறை? ஆனால் அவர் கேட்டது எருமையை அல்லவே. யாரும் எனக்குச் சுட்டுக் கொடுக்க வேண்டாம் என்று கேட்டார். வாக்கு வாங்கிக்கொண்டு கேட்டார்.

நாலு மணிக்கு வெண்டல் தலையைச் சீவிக்கொண்டு தேநீருக்கு வந்தார். "தோல் உரிக்கறவரு குண்டு கெடச்சுதுன்னாரே? எடுத்துப் போகலாமாமே. என் பொண்ணுக்குக் காட்டணும்."

நெட்சாய் தேநீரை ஊற்றினாள். பையிலிருந்து முழுத் தோட்டாவை எடுத்து அவர் கோப்பைக்குப் பக்கத்தில் நிற்கவைத்தாள்.

"உங்க குண்டு இதுல இருக்கு, மிஸ்டர் வெண்டல். காளைக்குள்ள கெடச்சது என்னோடது."

அவர் அதையே பார்த்தார். பிறகு வலக் கட்டைவிரல் காற்றில் ஒரு பூட்டைத் தள்ளிப் பார்த்தது. ஒருமுறை. மறுபடி ஒருமுறை.

"நான் இழுத்தேனே."

"இழுத்தீங்க."

"அப்ப எனக்குக் கேட்டது..."

"எத்தன வெடி கேட்டுது உங்களுக்கு?"

"ஒண்ணு. நீங்கதான சொன்னீங்க, உங்க வெடி உங்களுக்கே கேக்காதுன்னு. அதனால கேட்டது உங்களோடது, கேக்காதது என்னோடதுன்னு நெனச்சுகிட்டேன்."

"எனக்கு ரெண்டு கேட்டுது," என்றாள் நெட்சாய். பிறகு அந்த முதல் வெடி எந்த வருஷத்து வெடி என்பதைச் சொன்னாள். சாப்பாட்டுத் தூக்கை எத்தனை நேரம் கீழே வைக்காமல் நின்றாள் என்பதையும் சொன்னாள். இதை யாரிடமும் சொன்னதில்லை, ருவிம்போவிடம்கூட.

கிழவர் முகம் சிவந்திருந்தது. "வாக்குக் குடுத்தீங்க," என்றார்.

"ஆமா."

"நாப்பத்தோரு வருஷத்துல ஒரு தடவகூட நான் பிரேக்கை மறந்ததில்ல."

வெண்டல் எழுந்து கரையோரம் போய் நின்றார். அவர் முதுகு மட்டும் தெரிந்தது. சட்டையை ஒருபக்கம் இறக்கித் தோளைத் தடவிப் பார்த்தார். காகிதத்தைச் சுட்ட அன்று துப்பாக்கி இடித்துக் கன்றிய இடம் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. புதிதாக ஒன்றும் இல்லை. திரும்பி வந்தபோது கோபம் போயிருக்கவில்லை. ஆனாலும் உட்கார்ந்தார்.

"அதுக்கு இமையில மயிர் இருந்துச்சும்மா," என்றார். "நீளமா. அதைப் பாத்துகிட்டே நின்னுட்டேன். அதான் அவ்வளவு நேரம்."

நெட்சாய் பேனாவை எடுத்து "சுட்டவர்" என்ற கட்டத்தில் தன் பெயரை முழுதாக எழுதினாள். கீழே, விருந்தாளி சுடவில்லை, மிருகம் பாயவில்லை, தவறு என்னுடையது என்றும் எழுதினாள். விருந்தாளியின் கையெழுத்துக்கும் ஒரு கட்டம் இருந்தது. பாரத்தை அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.

"இத அனுப்பினா உங்களுக்கு என்ன ஆகும்?"

"இந்த சீசன் போயிரும். அதுக்கு மேலயும் போகலாம்."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார். எதையும் மாற்றச் சொல்லவில்லை. நடுங்கும் கையால், எழுத்து எழுத்தாக, தன் பெயரைப் போட்டார். தோட்டாவை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டினார்.

"பொண்ணுக்கு இதையே காட்டறேன்," என்றார்.

தேநீர் ஆறிப்போயிருந்தது. இருவரும் அதையே குடித்தார்கள். தோல் உரிக்கும் கொட்டகைப் பக்கம் யாரோ விறகின்மேல் கோடரியை ஒருமுறை போட்டார்கள். சத்தம் ஆற்றைத் தொட்டு வந்தது. நெட்சாயின் கை கோப்பையோடு நின்றது. உடம்பு முழுவதும் அடுத்த சத்தத்துக்காகக் காதாயிற்று.

அது வரவில்லை. வெட்டியவன் முச்சனேட்டாவாக இருக்கும். ஒரு வெட்டுக்கு ஒன்பது கதை பேசுகிறவன். அக்கரையில் நீர்யானை ஒன்று காதைச் சிலுப்பிவிட்டு மூழ்கியது. அவள் கோப்பையை மணலில் வைத்தாள்.