செத்தது கால் இல்லை, ஹோஸ்

1

இந்தக் கதையில் எனக்குச் சொந்தமானது கொஞ்சம்தான். பலாபத்வலயில் ஒரு கராஜில் என் கார் வேலை முடியக் காத்திருந்தபோது, பக்கத்துக் காரில் நடந்ததைப் பார்த்தேன்; மூன்று சொற்கள் காதில் விழுந்தன. அவற்றைக் கடைசியில் சொல்கிறேன். பேர்கள், பயம், மனசு எல்லாம் நான் போட்டவை.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'இந்திரகுமாரின் இடது கால் செத்துப்போய் ஆறு மாதமா…'

(வேண்டாம். இழவு வீடு மாதிரி இருக்கிறது.)

கியர் விழவில்லை. நாவுலயிலிருந்து வரும் வழியில் மூன்று இடத்தில் கறகறத்தது. இந்திரகுமார் திரும்பத் திரும்பத் தள்ளிப் பார்த்தார். பக்கத்தில் மனைவி நல்லம்மா இருந்தாள். சீனி வருத்தத்தில், அதாவது நீரிழிவில், அவருடைய இடது பாதம் மரத்துக்கொண்டு வருவது இருவருக்கும் தெரியும். கிளச்சை அடிவரை அமுக்கக் காலுக்குத் தெரியவில்லை, அதுதான் காரணம் என்று அவரே முடிவுகட்டி, காரை விற்கவும் பேசிவிட்டார். வெள்ளிக்கிழமை தம்புள்ளையிலிருந்து ஆள் வருகிறான்.

(இருபது வருசம் வாடகைக் கார் ஹயர் ஓடிய மனுசன். கார் போனால் வீட்டுக்குள் உட்கார்ந்து என்ன செய்வார்? நல்லம்மாவின் பயம் இதுதான். இதை அவள் வாயால் சொல்லவைக்கப் பார்த்தேன். சொல்லமாட்டேன் என்கிறாள்.)

2

"கால் செத்துப்போச்சு தம்பி. விக்கிறதுக்கு முன்ன ஒருக்கா பாத்துருங்க," என்றார் இந்திரகுமார்.

கராஜ்காரர் றம்ஸி பாஸ் பொனட்டைத் தூக்கி, கிளச் பம்பிலிருந்து கீழே இறங்கும் றப்பர் ஹோஸுக்கு டோர்ச் அடித்தார். "அக்கா, இத இப்பிடிப் பிடிச்சிக்கொள்ளுங்க. அண்ணன் அமுக்கட்டும்."

அமுக்கினார். நல்லம்மாவின் விரல்களுக்குள் ஹோஸ் தவளைத் தொண்டை மாதிரி உப்பி அடங்கியது. நுனியில் வெடிப்பு. அதில் ஒயில் கசிந்து ஈரம்.

"அமுக்கிற பலமெல்லாம் இது வீங்கிறதோடயே முடிஞ்சிருது. கீழ போறதே இல்ல." றம்ஸி சிரித்தார். "செத்தது உங்கட கால் இல்லண்ணே, ஹோஸ்."

"கேட்டீங்களா?" என்றாள் நல்லம்மா. "ஆறு மாசமா காலுக்குத் தைலம் தேக்கிறேன். இதுக்குத் தேச்சிருக்கணும்."

(இங்கே நிறுத்தியிருக்கலாம். நீங்களும் சந்தோசமாகப் போயிருப்பீர்கள். ஆனால் கராஜ் வாசலில் வந்து இறங்கி நடந்தபோதே அவருடைய இடது செருப்பு கழன்றுவிட்டது. தெரியாமலே பத்தடி போனார். நல்லம்மா எடுத்துவந்து காலடியில் போட்டாள். இந்த வரியை இரண்டு தடவை அழித்துப் பார்த்தேன். போகவில்லை.)

3

புது ஹோஸ் போட்டாயிற்று. இனி குழாய்க்குள் புகுந்த காற்றை வெளியேற்ற எயார் எடுக்கவேண்டும். மேலே ஒருவர் பெடலை அமுக்கிப் பிடிக்க, கீழே றம்ஸி நிப்பிளைத் திறந்து மூடுவார். மூடுவதற்குள் காலை எடுத்தால் காற்று திரும்ப உள்ளே போய்விடும். ரோட்டில் மரக்கறி லொறிகளின் இரைச்சல். காருக்கடியிலிருந்து றம்ஸி சொல்வது மேலே கேட்கவில்லை. நல்லம்மா கதவோரம் குந்திக்கொண்டு, கேட்டதைக் கேட்டபடி மேலே சொன்னாள்.

"அமுக்கச் சொல்றாரு."

"பிடிங்க."

"விடுங்க."

நான்காம் தடவை, 'பிடிங்க' என்ற பிறகு, பாதம் பெடலிலிருந்து மெல்ல வழுக்குவதைக் கண்டாள். அவருடைய மூச்சில்கூட மாற்றமில்லை. பிடித்துக்கொண்டிருப்பதாகவே இருந்தார்.

(அப்போது அவள் என்ன நினைத்தாள் என்று ஐந்து வாக்கியம் எழுதினேன். ஐந்தும் என்னுடைய நினைப்பு.)

அவள் அந்தப் பாதத்தின்மேல் கையை வைத்து, பெடலோடு சேர்த்து அழுத்திப் பிடித்தாள்.

"ஆ, இப்ப சரிண்ணே," என்றது கீழிருந்து குரல். "இப்பிடியே பிடிங்க."

4

"விடுங்க," என்றாள் நல்லம்மா, கொஞ்சம் பொறுத்து.

"நீ முதல்ல எடு," என்றார் இந்திரகுமார்.

அந்த மூன்று சொற்கள் இவைதான்.

ஒரு முடிவு: அவர் குனிந்து அவள் கையைக் கண்ட பிறகு சொன்னார். அப்படியென்றால் கண்தான் சொல்லியிருக்கிறது, கால் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை கார் போகும். போகத்தான் வேண்டும்.

இன்னொன்று: முன் கண்ணாடி வழியே ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார். அப்படியென்றால் பெடலைத் தவறவிட்ட பாதம் அவள் கையைத் தவறவிடவில்லை. தம்புள்ளை ஆளை இப்போதைக்கு வரவேண்டாம் என்று நல்லம்மாவே…

அந்த நேரம் அவர் கண் எங்கே இருந்தது என்று தெரிந்தால் போதும். கதை எழுதுகிறவள் பார்க்கவேண்டியது அது ஒன்றைத்தான். நான் அவள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் அதை உடனே எடுக்கவில்லை.

நீங்கள் காரின் முன்பக்கம் நின்றிருந்தால் சொல்லுங்கள்.