சூ கிழவரின் கைச்சீட்டு

"விலகுங்க! காத்து வரட்டும்!"

வாக்குச்சாவடி மறைப்புக்குள் சரிந்து கிடந்த சூ கிழவரின் அருகே டாக்டர் யென் சியூமான் மண்டியிட்டபோது, பள்ளிக்கூடக் கடிகாரத்தில் மணி மூன்று நாற்பது. நான்கோடு வாக்குப்பதிவு முடிந்துவிடும். வரிசையிலிருந்து ஓடிவந்த டாக்டர் இன்னும் ஓட்டுப் போடவில்லை. தீவின் தலைவர் பதவிக்குப் போட்டியிடும் இருவரில் ஒருவர் அவர்தான்.

"உடம்பு ஜில்லுனு இருக்கு, வேர்வை கொட்டுது. சர்க்கரை இறங்கிடுச்சு. லிங்ஃபாங், குளுக்கோஸ்!"

கிளினிக் எதிர்ச்சாரியில்தான். நர்ஸ் லிங்ஃபாங் செருப்பு பறக்க ஓடினாள்.

நரம்பு தேடி, இறுகியிருந்த விரல்களை டாக்டர் பிரித்தார். உள்ளே வாக்குச்சீட்டு. முத்திரை குத்தியாகிவிட்டது. பார்க்கக் கூடாதுதான், கண் பார்த்துவிட்டது. சட்டென்று மடித்து அதே கைக்குள் திணித்துவிட்டு, லிங்ஃபாங் கொண்டுவந்த ஊசியை மறு கையில் ஏற்றினார்.

கிழவர் கண் திறந்தார்.

"சாப்பிடாம மாத்திரை போட்டீங்களா?"

"கூட்டம் சேர்றதுக்குள்ள வந்துடலாம்னு பார்த்தேன், டாக்டரம்மா."

"மூணரை மணிக்கா?"

வரிசையில் சிரிப்பு எழுந்தது. சாவடி அதிகாரி மட்டும் சிரிக்கவில்லை. "அந்தச் சீட்டை அவர் கையாலதான் பெட்டியில போடணும். வெளியே கொண்டு போனா கேஸாயிடும்."

'உடனே கிளினிக்குக்குத் தூக்குங்க' என்று டாக்டர் சொல்லியிருந்தால், சீட்டு செல்லாமல் போயிருக்கும். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். எட்டு வருடம் மாவட்ட மன்றத்தில் சண்டை போட்டு ரத்தச் சுத்திகரிப்பு இயந்திரங்களுக்கு அனுமதி வாங்கியவர் அவர். ஆனால் இடம் தரவேண்டிய இப்போதைய தலைவரும் இந்தத் தேர்தலில் அவரை எதிர்த்து நிற்பவருமான ஹுங் தியன்சாய், கடற்கரையில் சுற்றுலாச் சதுக்கம்தான் முக்கியம் என்று தட்டிக்கழித்தார். இந்தத் தேர்தலில் தோற்றால், சூ கிழவரோடு நாற்பத்தொரு பேர் வாரம் மூன்று தடவை கப்பலேறி, வாந்தி எடுத்தபடியே பெரிய தீவுக்குப் போகவேண்டியதுதான்.

"ரெண்டு நிமிஷம் தாங்குவார்," என்றார் டாக்டர். "முதல்ல ஓட்டு."

இருவர் தாங்கிப் பிடிக்க, கிழவர் தன் கையாலேயே சீட்டைப் பெட்டிக்குள் போட்டார். சிறுநீரகம் கெட்டவருக்குச் சர்க்கரை மறுபடி இறங்கும் என்று டாக்டருக்குத் தெரியும். கிளினிக்குக்குக் கொண்டுபோய் டிரிப் ஏற்றி நிமிர்ந்தபோது, மணி நான்கு பத்து.

"உங்க ஓட்டு!" என்று லிங்ஃபாங் தலையில் கைவைத்தாள்.

சாயங்காலம் எண்ணிக்கை. சீட்டை ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டி, பெயரைக் கூவி, சுவரில் ஐந்தைந்து கோடாக இழுத்தார்கள். கடைசிக் கோடும் விழுந்தது. டாக்டருக்கு ஆயிரத்து நூற்று இரண்டு. ஹுங்குக்கும் ஆயிரத்து நூற்று இரண்டு.

"தனக்கே ஓட்டுப் போடாத வேட்பாளரை இப்பத்தான் பார்க்குறேன்," என்று ஹுங் வெற்றிலைப் பாக்கை மென்றபடி சிரித்தார்.

"நோயாளி பக்கத்துலயே நின்ன வேட்பாளரை நீங்க பார்த்ததில்லையே, அதான்," என்றார் டாக்டர்.

சமமானால் சட்டப்படி குலுக்கல். ஐந்தாம் நாள் தேர்தல் அலுவலகத்தில் முதல் சீட்டை டாக்டர்தான் எடுத்தார். பிரசவத்தில் குழந்தையை வாங்கும் அதே நிதானமான கை. பிரித்துக் காட்டினார். 'தேர்ந்தெடுக்கப்பட்டவர்' என்றிருந்தது.

வாசலில் பட்டாசு வெடித்தது. ஹுங் கைகுலுக்கிவிட்டு, முகம் கறுக்க வெளியேறினார்.

"இயந்திரத்துக்கு இடம் அளக்க நாளைக்கே ஆள் வரச் சொல்லு," என்றார் டாக்டர் லிங்ஃபாங்கிடம்.

"சொல்லிட்டேன். ஆனாலும் டாக்டரம்மா, அந்தக் கிழவர் ஓட்டு மட்டும் விழாம போயிருந்தா நாம குலுக்கலுக்கே வந்திருக்க மாட்டோம். நல்லவேளை, பெட்டியில போட வெச்சீங்க!"

"ஆமாம், குலுக்கலுக்கே வந்திருக்க மாட்டோம்," என்று டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை மடித்துப் பைக்குள் வைத்தார்.

சூ கிழவரின் சீட்டில் சிவப்பு முத்திரை ஹுங் தியன்சாயின் படத்தின் மீதுதான் இருந்தது.