எச்சில்

மதுசூதனின் இரைப்பைக் கட்டியிலிருந்து எடுத்த சதைத் துணுக்கை மைக்ராஸ்கோப்பில் பார்த்ததுமே டாக்டர் பெலிண்டாவுக்குச் சந்தேகம் வந்தது. புற்று செல்களைவிட, அவற்றை மொய்த்துக்கொண்டிருந்த வெள்ளையணுக்கள்தான் அதிகம். தனியாக இன்னொரு சோதனை செய்தார். புற்று செல்களுக்குள் வைரஸ் இருந்தது.

இந்த வகை வந்தவர்களில் சிலர் கூடுதல் காலம் தாக்குப்பிடிப்பதுண்டு. அதைச் சொல்லத்தான் கணவன் மனைவி இருவரையும் தில்லைநகர் லேபுக்கு வரச் சொன்னார்.

"உடம்பு எதிர்த்துப் போராடுது. அது நல்ல அறிகுறிதாங்க."

"வைரஸ் எப்படி வந்தது டாக்டர்?" என்று கோதைநாயகி கேட்டாள்.

"எச்சில் வழியா. சின்ன வயசுலயே கிட்டத்தட்ட எல்லாருக்கும் வந்துடும். எனக்கும் இருக்கும். ரொம்பக் கொஞ்சம் பேருக்குத்தான் இப்படி ஆகுது. ஏன்னு சரியாத் தெரியல."

மதுசூதன் 'எச்சில் வழியா' என்ற முதல் இரண்டு வார்த்தைகளோடு நின்றுவிட்டான்; மற்றது எதுவும் அவன் காதில் ஏறவில்லை.

ஸ்ரீரங்கம் வீட்டில் அன்றே அவன் தட்டும் டம்ளரும் தனியாயின. சாத்தமுது சாதத்தின் கடைசி வாயை அப்பா கையால் வாங்கிக்கொள்வது ஆறு வயது மேகனாவின் வழக்கம். "அம்மாகிட்ட வாங்கிக்கோ" என்று தட்டை நகர்த்திக்கொண்டான். மடியில் ஏற வந்தால் எழுந்து போனான். கொஞ்ச நாளில் குழந்தை வருவதை நிறுத்திக்கொண்டது.

மருந்து ஏற்றியும், அடுத்த ஸ்கேனில் வயிறு முழுக்கப் பரவியிருந்தது. பெலிண்டாவுக்குத் தான் கொடுத்த நம்பிக்கை உறுத்தியது. வீட்டுக்கே போனார்.

"உங்க பொண்ணுக்கு ஏற்கெனவே வந்திருக்கும்ங்க. பக்கத்துல வெச்சுக்குங்க."

"புத்திக்குப் புரியறது டாக்டர். ஆனா அவகிட்ட போனாலே உடம்பு நடுங்கறது."

கதவோரம் மேகனா நின்றிருந்தாள். அவன் துண்டால் வாயை மூடிக்கொண்டான்.

காவிரியில் புதுத் தண்ணீர் வந்த வாரம் இறந்தான். கடைசிவரை குழந்தையைத் தொடவில்லை.

காரியங்கள் முடிந்ததும் கோதைநாயகி மகளோடு லேபுக்கு வந்தாள்.

"இவளுக்கு அந்த வைரஸ் இருக்கான்னு பார்த்துடுங்கோ."

"வேண்டாம்மா. இருக்குன்னுதான் வரும். அதுக்கு அர்த்தமே இல்ல."

"எனக்குத் தெரியணும்."

இருக்கிறது என்றே வந்தது. பெலிண்டா பொறுமையாக மறுபடி எல்லாவற்றையும் விளக்கினார். கோதைநாயகி தலையாட்டிக்கொண்டே இருந்தாள்.

"அப்போ இது அவர்கிட்டேர்ந்து வந்ததுதானா?"

"அப்படிச் சொல்ல முடியாதுங்க. யார்கிட்டேருந்தும் வந்திருக்கலாம். உங்ககிட்டேருந்துகூட."

சொன்ன பிறகுதான் பெலிண்டாவுக்கு உறைத்தது. கோதைநாயகி, மகளைப் பிடித்திருந்த கையை மெல்ல விடுவித்துக்கொண்டாள்.