சக்களத்தி கரைக்கு வந்தாள்

அந்த எண்ணெய்க் கப்பலுக்கு பம்ப்மேன் மனைவி வைத்த பெயர் சக்களத்தி. யார் முன்னால் வேண்டுமானாலும் சொல்வாள். "இவருக்கு ரெண்டு குடும்பம். மூத்தவ கடல்ல இருக்கா, நான் இளையவ." கணக்கும் சரிதான். கப்பல் கட்டும் தளத்தில் அதற்குத் தகடு ஒட்டிக்கொண்டிருந்தபோதுதான் அங்கே வேலையிலிருந்த அவர் பெண் பார்க்க வந்தார். வந்த இடத்திலும் கப்பல் பேச்சுதான். அதன் வயிற்றுக்குள் ஒரு தெருவையே வீடுகளோடு இறக்கிவிடலாமாம். பெண்ணைப் பிடித்திருக்கிறதா என்று அவளுடைய அத்தை கேட்டதற்கு, "எனக்குப் பத்து நாள்தான் லீவு" என்று பதில் சொன்ன மனிதர்.

தளத்தில் தண்ணீரைத் திறந்து கப்பலை மிதக்கவிட்டபோது அவரும் அதிலேயே வேலைக்குச் சேர்ந்துவிட்டார். எண்ணெயை ஏற்றி இறக்கும் பம்புகள் அவர் பொறுப்பு. ஒன்பது மாதம் கடல், மூன்று மாதம் வீடு.

இதில் கொடுமை என்னவென்றால், சக்களத்தியின் முகத்தை அவள் பார்த்ததே இல்லை. அவ்வளவு பெரிய கப்பல் துறைமுகத்துக்குள் நுழைய முடியாது. கரையிலிருந்து வெகு தொலைவில் ஒரு மிதவையில் கட்டிக்கொண்டு, குழாய் வழியே எண்ணெயைக் கொடுத்துவிட்டுப் போய்விடும். அந்த நாட்களில் அவள் மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு கடற்கரைச் சாலைக்குப் போவாள். தூரத்தில் பென்சிலால் இழுத்த மாதிரி ஒரு கோடு தெரியும். அந்தக் கோட்டுக்குள்தான் அப்பா இருக்கிறார் என்று மகளுக்குக் காட்டுவாள். கோடு நகர்ந்து மறையும்வரை நிற்பாள். பிறகு வீட்டுக்கு வந்து உலை வைப்பாள்.

கப்பலுக்கும் வயசானது. ஒற்றைச் சுவர்க் கப்பல், உடைந்தால் கடலே நாசமாகிவிடும் என்று துறைமுகங்கள் ஒவ்வொன்றாகக் கையை விரித்தன. கடைசியில் அதை ஓரிடத்தில் நங்கூரம் போட்டு எண்ணெய்க் கிடங்காக்கினார்கள். முட்டி தேய்ந்துபோய் அவரும் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். இனி முழுசாக நமக்குத்தான் என்று அவள் நினைத்தாள். அங்கேதான் ஏமாந்தாள். ஆள் வீட்டில் இருந்தார், மனசு இல்லை. மூன்று முறை கூப்பிட்டால் ஒரு முறை திரும்புவார். தூரத்தில் இருந்தவருக்காக ஏங்கியதுகூடப் பரவாயில்லை. பக்கத்து நாற்காலியில் இருக்கிறவருக்காக ஏங்குவதை வெளியே சொல்லக்கூட முடியவில்லை.

கப்பலை உடைக்க விற்றுவிட்டார்கள் என்று சேதி வந்தது. "ஒரு தடவை பாத்துட்டு வந்துடறேன்" என்றார்.

"நானும் வரேன். அவ மூஞ்சிய நானும் பாக்கணும்ல."

திட்டுவதற்கு வழியெல்லாம் வார்த்தை சேர்த்துக்கொண்டு போனாள். கரையில் இறங்கி நிமிர்ந்து பார்த்தாள். கப்பலைச் சேற்று மணலில் மோதி நிறுத்தியிருந்தார்கள். முன்பக்கத்தை ஏற்கெனவே வெட்டியாகிவிட்டது. உள்ளே வெறும் இருட்டுதான் தெரிந்தது. பாவம் என்று அவள் வாய்விட்டே சொன்னாள்.

மேலே ஏறித் தன் அறையைப் பார்க்க வேண்டும் என்று பம்ப்மேன் கேட்டார். உடைக்கும் வேலையைக் கவனித்துக்கொண்டிருந்த மேஸ்திரி அவர் காலைப் பார்த்தார். "பெரியவரே, இந்த முட்டிய வச்சுக்கிட்டு ஏணி ஏறினா நான்தான் பதில் சொல்லணும். வேணாம்." அவர் கெஞ்சினார். அவர் யாரிடமும் கெஞ்சி அவள் பார்த்ததில்லை.

"நான் போய்ப் பாத்துட்டு வந்து சொல்றேன்" என்றாள்.

"நீயா?"

"ஏன், இத்தன வருஷம் நீங்க போகலையா?"

மேஸ்திரி தலைக்கவசம் மாட்டிவிட்டு முன்னால் நடந்தார். ஏணிக்கு அப்புறம் டெக், அது போய்க்கொண்டே இருந்தது. கப்பலின் பின்கோடியில்தான் குடியிருப்பு. அவர் சொன்ன அடையாளத்தை வைத்து அறையைக் கண்டுபிடித்தாள். கட்டில், மேஜை எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். நாலு எட்டு வைத்தால் சுவர் இடித்தது. இதற்குள்ளேயா ஒரு மனுஷன் ஆயுசைக் கழித்தார் என்று அவளுக்கு மனசு ஆறவேயில்லை.

ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். டெக்கைத் தாண்டி, வெட்டிய விளிம்பைத் தாண்டி, கரையில் கடுகளவு ஒரு ஆள். நெற்றியில் கை வைத்துக்கொண்டு, எந்த ஜன்னல் என்று தெரியாமல் எல்லா ஜன்னல்களையும் தேடிக்கொண்டிருந்தார். அவள் கையை ஆட்டினாள். அவருக்குத் தெரியவில்லை. கூப்பிட்டாள். கேட்டிருக்காது.

"போலாமாம்மா?" என்றார் மேஸ்திரி.

"கொஞ்சம் இருங்க" என்றாள். அவரும் நிற்கட்டும் என்றுதான் முதலில் நினைத்தாள். ஆனால் அவர் நின்ற நிற்பைப் பார்க்கப் பார்க்க அவளுக்குத்தான் அழுகை வந்தது. அங்கிருந்து நகரவும் மனம் வரவில்லை.

அவள் கீழே இறங்கியபோது அவர் முழங்கால் அளவு சேற்றில், பாதி தூரம் வந்து நின்றிருந்தார். கைத்தடி எங்கேயோ போய்விட்டிருந்தது. அறையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார்.

"போனா வரத் தெரியாதா? எவ்ளோ நேரமா நிக்கறேன். என்ன ஆச்சோ ஏதாச்சோன்னு..."

அதற்கு அவளிடம் ஒரு ஆயுசுக்கான பதில் இருந்தது. நாக்கு நுனிவரை வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் விழுங்கிக்கொண்டாள்.

"வந்துட்டேன்ல" என்றாள்.