வாய் மட்டும் அசைத்தவள்

வேதக்கோயில் பாட்டுக் குழுவில் எனக்கு வாயசைக்கிற வேலை. சத்தம் வரக் கூடாது. என் புருஷன் வேதமுத்துதான் எங்கள் சபையிலேயே நல்ல குரல்காரர். அவர் பெண்டாட்டி பாட்டுக்காரர் பாயில் உட்காராவிட்டால் மரியாதையில்லை என்று என்னையும் முன்னால் உட்கார வைத்தார்கள். முதல் ஞாயிறே கிருபைராஜ் வாத்தியார் ஆர்மோனியத்தை நிறுத்திவிட்டு எல்லார் முன்னாலும் சொன்னார்: "ஹெப்சிபா, நீ வாயை மட்டும் அசை. உன் தொண்டையில தகரம் உரசுது."

சிரிக்காத ஆள் இல்லை. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த ஆர்மோனியத்தைத் தூக்கித் தாமிரபரணியில் போட்டிருப்பேன். போடாமல் வருஷக்கணக்கில் வாயசைத்தேன். வீட்டில் உலை வைக்கும்போதுதான் பாடுவேன். அதுவும் நானாகக் கட்டின பாட்டு. சுருதி ஒரு பக்கம் போகும், நான் ஒரு பக்கம் போவேன். என் புருஷன் கதவோரம் நின்று கேட்பார்.

"ஏட்டி, இதைக் கோயில்ல பாடேன்."

"போங்க அத்தான், அந்த மனுஷன் என்னைக் கல்லெறிஞ்சே கொன்னுபோடுவாரு."

ஜார்ஜ் ராஜாவுக்கு டெல்லியில் முடிசூட்டின அடுத்த வருஷம், ஐப்பசி வெள்ளம் வடிந்ததும் ஊருக்குள் வாந்திபேதி வந்தது. முதலில் படித்துறைத் தெரு, பிறகு வடக்குத் தெரு. சாவு விழுந்தால் கோயில் மணி அடிப்பது வழக்கம். கேட்கிறவர்களுக்குக் குலை நடுங்குகிறது என்று சபையை நடத்தின உபதேசியார் மணியை நிறுத்தச் சொன்னார். அது இன்னும் மோசமாகப் போனது. இன்றைக்கு யார் என்று ஒவ்வொரு வாசலாகப் பார்த்துக்கொண்டு போக வேண்டியிருந்தது. விடிந்தும் திறக்காத கதவைக் கண்டால் தட்டிப் பார்க்காமல் ஓடிவந்துவிடுவேன்.

எங்கள் ஊரில் பாட்டில்லாமல் யாரையும் மண்ணில் வைப்பதில்லை. பாட்டில்லாத அடக்கத்தை நாய் அடக்கம் என்பார்கள். அதனால் பாட்டுக் குழு தினமும் கல்லறைத் தோட்டத்துக்குப் போனது. போய்வந்தவர்களே ஒவ்வொருவராகப் படுத்தார்கள். வெள்ளிக்கிழமை நின்று பாடியவளை ஞாயிற்றுக்கிழமை பாடிப் புதைத்தோம். நான் பாவி, அங்கேயும் வாயை அசைத்துக்கொண்டு நின்றேன்.

ஒரு நாள் அடக்கத்துக்குப் போய்வந்த என் அத்தான் முற்றத்திலேயே உட்கார்ந்துவிட்டார். "தண்ணி கொடுட்டி" என்றார். முகத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. கஞ்சி, கஷாயம், மிஷன் வெள்ளைக்காரத் துரைசானி கொடுத்தனுப்பிய மருந்து, எதுவும் உள்ளே தங்கவில்லை. பொழுது சாய்வதற்குள் கண் குழிக்குள் போய்விட்டது. ஊரே மயங்கின அந்தக் குரலில் வெறும் காற்றுதான் மிச்சம். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்கு நீதான் பாடணும். உன் பாட்டு. என் குழிமேட்டுலயும் வாயசைச்சு என்னை ஏமாத்திராத."

மறுநாள் குழியருகே உபதேசியார், வாத்தியார், பெட்டி தூக்கிய நாலு பேர், நான். குழுவில் மற்றவர்கள் செத்தார்கள், இல்லை படுத்துவிட்டார்கள்; தினமும் பாடிப் பாடி வாத்தியாருக்கும் குரல் கட்டிவிட்டது.

"பாட ஆளில்ல. வேதமுத்துவை ஜெபத்தோட அடக்கிருவோம்" என்றார் உபதேசியார். மண்வெட்டியை எடுத்தார்கள்.

"நில்லுங்கய்யா!" என்றேன்.

கீர்த்தனையைத்தான் தொடங்கினேன். இரண்டாவது அடியிலேயே குரல் உடைந்தது. உடைந்தால் உடையட்டும் என்று விட்டுவிட்டேன். அதன் பின்னாலேயே என் அடுப்படிப் பாட்டு வந்தது. தாளம் தப்பியது. மேலே போக வேண்டிய இடத்தில் தொண்டை கிழிந்து இருமல் வந்தது. இருமிவிட்டு, விட்ட இடத்திலிருந்து பாடினேன். ஒப்பாரி சபைக்கு ஆகாது என்று உபதேசியார் கையைத் தூக்கினார். பிறகு அவரே இறக்கிக்கொண்டார். எனக்கு வெட்கமே வரவில்லை. என் அத்தானுக்குக் கேட்க வேண்டும், அவ்வளவுதான். வாத்தியார் என்னை நிமிர்ந்து பார்க்கவேயில்லை.

அடுத்த நாள் விடிந்ததும் வாத்தியார் மனைவி யூனிஸ் தலைவிரி கோலமாக என் வாசலில் வந்து நின்றாள்.

"அவங்களுக்கும் வந்துட்டு, ஹெப்சி. உன்னைக் கூட்டியாரச் சொல்லுதாங்க."

போனேன். வீட்டுக்குள் அதே வாடை. வாத்தியார் பாயில் சுருண்டு கிடந்தார். குனிந்து காதைக் கொடுத்தேன்.

"எனக்கும் நீதான் பாடணும்மா" என்றார். "சுருதி பாத்து, சரியாப் பாடிராத. நேத்துப் பாடினியே, அப்படியே பாடு."

இந்த வார்த்தை இவர் வாயிலிருந்து வர என் புருஷன் சாக வேண்டியிருந்ததே என்று நெஞ்சு எரிந்தது.

"பாடுதேன் ஐயா" என்றேன்.