ஒரு முத்தத்தோடு நின்றவள்

1

இந்தக் கதை நானாக யோசித்ததல்ல. எங்கள் நீஷ் நகரில் ஒரு காது மருத்துவரின் அறைக்கு வெளியே உட்கார்ந்து ஒட்டுக்கேட்டது. கதவைச் சரியாகச் சாத்தவில்லை. எலும்பு, மூளை என்று அவர் பயமுறுத்திக்கொண்டிருக்க, உள்ளே இருந்த பெண் கேட்டது ஒன்றுதான்: "டாக்டர், நாத்தம் போயிடுமா?"

அவளுக்கு ராத்மிலா என்று பெயர் வைத்தேன். இனி எல்லாம் கற்பனை.

2

முதல் தொடக்கம்: ராத்மிலாவின் இடது காதிலிருந்து ஒரு மெல்லிய மணம்—

(மணமாம்! சீழ். கெட்டுப்போன பாலாடைக்கட்டியின் நாற்றம். எழுதும் எனக்கே கூசுகிறது. சிறு வயது முதல் சுமப்பவளை நினைத்துப் பாருங்கள்.)

முதன்முதலில் காது ஒழுகியபோது அம்மா திட்டினாள்: "ரெண்டு ஜன்னலையும் தொறந்து வச்சா குறுக்குக்காத்து காதுல பூந்துடும்னு சொன்னேனே, கேட்டியாடி?" சூடாக்கிய பிளம் சாராயத்தில் பஞ்சை நனைத்துக் காதை அடைத்தாள். எங்கள் ஊரில் எந்த நோய்க்கும் குறுக்குக்காற்றுதான் குற்றவாளி. ஆக, தானே தேடிக்கொண்ட அசிங்கம் என்று ராத்மிலா நம்பினாள். யாரிடமும் சொல்லவில்லை. கூந்தலை இறக்கிவிட்டு, பஞ்சை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தாள்.

3

மகள் யெலிசாவெத்தாவைப் பெண் கேட்டு வந்தார்கள். வாசலிலேயே எங்கள் வழக்கப்படி மூன்று முத்தம்: வலக்கன்னம், இடக்கன்னம், மறுபடி வலக்கன்னம். ராத்மிலா இடக்கன்னத்தைக் காட்டாமல் முதல் முத்தத்தோடு பின்வாங்கினாள். மாப்பிள்ளையின் அம்மா ஸ்லவோய்காவின் உதடுகள் வெறுங்காற்றில் நின்றன.

"மூணு குடுக்குற எடத்துல ஒண்ணா? எங்களப் பிடிக்கலன்னா வாயத் தொறந்து சொல்லிடுங்க சம்பந்தியம்மா."

சமையலறையில் மகள் பொரிந்தாள். "ஏம்மா இப்படி மானத்த வாங்குற?"

ராத்மிலாவுக்குத் தரை சாய்ந்தது. அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டாள். அந்தத் தள்ளாட்டம்தான் அவளைக் காது மருத்துவரிடம் அனுப்பியது.

4

(இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். போகாதீர்கள்.)

செவிப்பறை உள்ளிழுக்கப்பட்ட இடத்தில் தோல் உரிந்து உரிந்து உருண்டையாகத் திரண்டிருந்தது. அது பக்கத்து எலும்பை அரிக்கும். ஒலி கடத்தும் குட்டி எலும்புகள் முதலில் போயின. அப்புறம் உடலைத் தள்ளாடாமல் காக்கும் குழலின் சுவர். இப்போது மூளைக்குக் கீழே இருக்கும் எலும்பு.

"முட்டை ஓடு கனம்தாம்மா மிச்சம். உடனே ஆபரேஷன் பண்ணணும்."

"கல்யாணம் முடியட்டும் டாக்டர். தலைல கட்டோட எப்படி நிப்பேன்? எல்லாம் என் தப்பு, அன்னிக்கு ஜன்னல..."

"காத்து எலும்பத் திங்காதும்மா. ஒங்க தப்பு ஒண்ணுமில்ல."

ராத்மிலா உடைந்து அழுதாள். இத்தனை வருஷமும் வீணாக வெட்கப்பட்டதற்காகவும் அழுதாள்.

(அரிபடும் எலும்பை உறவுக்கு உவமையாக்கி இங்கே ஒரு பத்தி இருந்தது. கூச்சமாகிவிட்டது, அடித்துவிட்டேன்.)

5

முடிவு ஒன்று: கல்யாணம் வரை தள்ளிப்போடுகிறாள், மூளைக்காய்ச்சலில் சாகிறாள். வெட்கத்துக்கு ஒருத்தியைப் பலி கொடுக்க எனக்கு மனமில்லை.

முடிவு இரண்டு: ஸ்லவோய்கா அவளை வாரி அணை—

(சினிமா.)

முடிவு மூன்று: ஸ்லவோய்கா மறுபடி வருகிறாள். வலக்கன்னத்தில் ஒரு முத்தம், அதோடு நிறுத்துகிறாள். "இந்தாங்க, ஒங்க வீட்டு அளவு."

ராத்மிலா கூந்தலை ஒதுக்கிப் பஞ்சை உருவுகிறாள். "என் காது அழுகுது சம்பந்தியம்மா. நாத்தம் ஒங்களுக்கு வரக் கூடாதுன்னுதான் நகந்தேன். வியாழக்கிழமை ஆபரேஷன். கல்யாணத்துக்குக் கட்டோடதான் வருவேன். வரலாமா?"

நாற்றம் எழுகிறது. ஸ்லவோய்காவின் முகத்தை எழுதி எழுதிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் மூக்கைச் சுளித்த என் முகம்தான் வந்தது. அதனால் அவளை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் உங்களை நிறுத்துகிறேன்.

ராத்மிலா இடக்கன்னத்தைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள்.