யார் வாயில் யார் பல்

“உங்க அண்ணன் ரொம்ப அடம்பிடிக்கிறாரும்மா. நாலு நாளா வாயே திறக்கல. சாயங்காலம் மூக்கு வழியா டியூப் போட்டுடலாம்” என்றார் முதியோர் இல்லத்து சூப்பர்வைசர். ஏதோ குழாய் ரிப்பேரைச் சொல்வதுபோல் சொன்னார்.

என் அண்ணனா அடம்பிடிக்கிறான்? சாப்பாட்டுத் தட்டைக் கண்டால் சண்டையையே மறந்துவிடுகிற ஆள். மார்க்கெட்டில் ஏலம் கூவியே தொண்டையைத் தேய்த்தவன். பக்கவாதத்தில் பேச்சுதான் போயிற்று, பசி எங்கே போகும்?

கஞ்சிக் கிண்ணத்தோடு அவன் கட்டிலருகே உட்கார்ந்தேன். கரண்டியை நீட்டியதும் உதட்டை இறுக்கிக்கொண்டு முகத்தைத் திருப்பினான். கண்ணில் தண்ணீர் முட்டி நின்றது. அடம்பிடிக்கிறவன் இப்படியா அழுவான்?

“அண்ணா, எனக்காக ஒரே ஒரு தடவை ஆ காட்டு.”

காட்டினான். ஈறு முழுக்கப் புண். பல் செட்டு தனியாக ஆடிக்கொண்டிருந்தது. மெல்ல எடுத்துப் பார்த்தேன். சின்னச் சின்னப் பற்கள். அண்ணன் செட்டில் முன்பல் ஒன்று பாதிதான் இருக்கும். சோடா மூடியைக் கடித்துத் திறக்கிறேன் பேர்வழி என்று உடைத்துக்கொண்டு, பல் டாக்டரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டவன் அவன்.

“இது யாரோட பல்லு?”

பக்கத்தில் நின்ற ஆயா கையைப் பிசைந்தாள். “எல்லார் பல்லையும் ஒரே வாளியில போட்டுத்தான்க்கா கழுவுறோம். வேலை சீக்கிரம் முடியும்னு சார்தான் சொன்னாரு. அப்புறம் ஒரு குத்துமதிப்பா மாட்டிவிட்டுடுவோம்.”

குத்துமதிப்பாக! வாசலில் கிடக்கிற செருப்பைக்கூட நாம் பார்த்துத்தான் மாட்டுகிறோம். எதிர்க்கட்டில் பெரியவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். அவர் வாயில் அந்தப் பாதிப் பல்.

புண் ஆறட்டும் என்று பல்லே இல்லாமல் அண்ணனுக்குக் கஞ்சி ஊட்டினேன். கிண்ணம் காலியானதும் கையை நீட்டி இன்னும் கேட்டான். பாவி மனுஷன், நாலு நாள் பட்டினி கிடந்திருக்கிறான்.

சூப்பர்வைசர் ஓடி வந்தார். “இனிமே எல்லா செட்டுலயும் நம்பர் போட்டுடறோம்மா.”

“நம்பர் கிடக்கட்டும். ஒரு மனுஷன் சாப்பிடலைன்னா என்ன ஏதுன்னு குனிஞ்சு பாக்க மாட்டீங்களா? டியூபைத் தூக்கத் தெரிஞ்ச கைக்கு வாயைப் பாக்கத் தெரியலையா?”

என் கையில் அந்தச் சின்னப் பல் செட்டு இன்னும் இருந்தது. இதற்கும் ஓர் ஆள் இருக்க வேண்டுமே. நன்றாகக் கழுவி எடுத்துக்கொண்டு கட்டில் கட்டிலாகக் கேட்டேன். கடைசியில் பெண்கள் அறைக்குப் போனேன்.

ஜன்னலோரம் ஓர் அம்மா படுத்திருந்தார். பொக்கை வாய். மூக்கில் டியூப்.

“இவங்களுக்கு என்ன?” என்று கேட்டேன்.

ஆயா தலையைக் குனிந்துகொண்டாள். “போன மாசம் இவங்களும் அடம்பிடிச்சாங்கக்கா.”

உள்ளங்கையை விரித்துக் காட்டினேன். அந்த அம்மா இரண்டு கையாலும் பல்லைப் பிடுங்கிக்கொண்டார்.